அரூப ஓவியமும் கண்காட்சியும்: டெல்டாக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை பக்கம் எங்காவது ஓவியக் கண்காட்சி நடந்தால், வந்து பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. ஆளோ மாடோ கோபுரமோ எதுவும் இல்லாமல், வெறும் நிறமும் கோடுமாக இருக்கும் படத்தின் முன்னால் நிற்கும்போது இவை தானாக வரும். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. பதில்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கிறது.

அரூப ஓவியம் என்று எதைச் சொல்கிறார்கள்?

கண்ணால் பார்த்த ஒரு பொருளைப் படத்தில் காட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிட்ட ஓவியம். நிறம், கோடு, பரப்பு, இடைவெளி, பூச்சின் தடிமன் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓவியர் படத்தைக் கட்டுகிறார். சிலர் ஒரு வயலிலிருந்தோ மலையிலிருந்தோ தொடங்கி, குறைத்துக் குறைத்து, கடைசியில் அந்த வயல் அடையாளம் தெரியாமல் போகும் இடத்துக்கு வருவார்கள். சிலர் எந்தப் பொருளும் மனதில் இல்லாமல் ஒரு நிறத்திலிருந்தே தொடங்குவார்கள். இரண்டையும் அரூபம் என்றுதான் சொல்கிறோம்.

‘நவீன ஓவியம்’ என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. நவீன ஓவியத்தில் உருவம் இருக்கலாம், பெரும்பாலும் இருக்கவும் செய்கிறது. அரூபம் அதில் ஒரு பகுதி மட்டுமே.

இதை யார் தொடங்கினார்கள்?

ரஷ்யாவில் பிறந்த காண்டின்ஸ்கி, கீவ் நகரில் பிறந்த மாலேவிச், நெதர்லாந்தின் மோந்திரியன் என்று 1910-களின் ஓவியர்களைத்தான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். ஆனால் ஸ்வீடனில் ஹில்மா ஆஃப் கிளிண்ட் என்ற பெண் 1906-லேயே இப்படிப்பட்ட படங்களை வரையத் தொடங்கிவிட்டார். தான் இறந்து 20 ஆண்டுகள் ஆகும்வரை அவற்றை யாருக்கும் காட்டக் கூடாது என்று சொல்லிவைத்தார். 1944-இல் இறந்தார். 1980-களில்தான் அந்தப் படங்கள் பொதுக் கண்காட்சிக்கு வந்தன. 2018-இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் வைத்தபோது ஆறு லட்சம் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள். அத்தனை காலமும் படங்கள் இருந்தன, பார்க்கத்தான் ஆள் இல்லை. கண்காட்சி நடப்பது ஏன் முக்கியம் என்று யாராவது கேட்டால் நான் இவரைத்தான் சொல்வேன்.

படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஓவியர் ஏன் நேராகப் பதில் சொல்வதில்லை?

சொல்லிவிட்டால் நீங்கள் அதை மட்டும் தேடுவீர்கள் என்பதால். “இது காவிரி” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்புறம் நீலமெல்லாம் தண்ணீராகவும் மஞ்சளெல்லாம் மணலாகவும் மாறிவிடும்.

திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைக்குப் போகிறவர்கள் நிறைய பேர் டெல்டாவில் இருக்கிறோம். அங்கே ஒரு வித்வான் தோடியை ஆலாபனை செய்யும்போது, இதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பதில்லை. சொல்லே இல்லாமல் ராகம் நகர்கிறது, நாம் கூடவே போகிறோம். அரூப ஓவியத்தையும் அப்படிப் பார்க்கலாம் என்பதுதான் என் பதில். இந்த உறவு நான் கட்டிச் சொல்வதல்ல. 1911 ஜனவரியில் காண்டின்ஸ்கி மியூனிக் நகரில் ஷோன்பெர்க் என்ற இசையமைப்பாளரின் கச்சேரியைக் கேட்டார். அடுத்த சில நாட்களில் அந்த அனுபவத்தை, பெரிய மஞ்சள் பரப்பும் கறுப்புத் திட்டுமாக ஒரு படமாக்கினார். இசையால் முடிந்தது நிறத்தாலும் முடியும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

சரி, அப்படியானால் எப்படிப் பார்ப்பது?

முதலில், மேகத்தில் யானையைத் தேடுவது மாதிரி உருவம் தேடுவதை நிறுத்துங்கள். பத்தடி தள்ளி நின்று முழுப் படத்தையும் பாருங்கள். கண் முதலில் எங்கே போகிறது, அங்கிருந்து எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனியுங்கள். அப்புறம் நெருங்கிப் போய், எந்த நிறம் அடியில் இருக்கிறது, எது அதன்மேல் ஏறியிருக்கிறது, கத்தியால் இழுத்ததா, தூரிகையா, துணியால் துடைத்ததா என்று பாருங்கள். கை எங்கே வேகமாகப் போயிருக்கிறது, எங்கே தயங்கி நின்றிருக்கிறது என்பது தெரியும். பக்கவாட்டில் நின்றும் ஒருமுறை பாருங்கள், பூச்சின் மேடு பள்ளம் அப்போதுதான் தெரியவரும்.

முப்பது படம் மாட்டியிருந்தால் முப்பதையும் பார்க்க வேண்டியதில்லை. ஒரு சுற்று வந்துவிட்டு, உங்களை இழுத்த இரண்டு மூன்றின் முன்னால் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். எது பிடிக்கவில்லை என்று சொல்ல முடிந்தால், நீங்கள் நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இதை என் பிள்ளையே வரைவானே?

எல்லாக் கண்காட்சியிலும் வரும் கேள்வி. பிள்ளைகள் வரைவது அழகாக இருக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பிள்ளையால் அதே படத்தை மறுநாள் திருத்த முடியாது. இங்கே சிவப்பு அதிகமாகிவிட்டது, இந்த மூலை கனக்கிறது, இதை அழிக்க வேண்டும் என்ற முடிவுகளை எடுக்க முடியாது. ஓவியரின் வேலை பெரும்பாலும் அந்த முடிவுகள்தான்.

அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி ஆய்வாளர்கள் 2011-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். புகழ்பெற்ற அரூப ஓவியர்களின் படங்களையும், குழந்தைகளும் குரங்கு, யானை போன்ற விலங்குகளும் வரைந்தவற்றையும் ஜோடி ஜோடியாகக் காட்டினார்கள். ஓவியப் பயிற்சி இல்லாதவர்களும் குருட்டாம்போக்கில் சொல்வதைவிடக் கூடுதலாகவே ஓவியரின் படத்தைச் சிறந்ததென்று தேர்ந்தெடுத்தார்கள். பெயர்களை மாற்றி ஒட்டியபோதும் அப்படித்தான். பயிற்சி இல்லாத கண்ணுக்கும் வித்தியாசம் தெரிகிறது என்பதே இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

மாலேவிச் 1915-இல் வெள்ளைப் பின்னணியில் ஒரு கறுப்புச் சதுரம் வரைந்தார். இதைவிட எளிய படம் இருக்க முடியாது என்று தோன்றும். ஒரு நூற்றாண்டு கழித்து மாஸ்கோவின் திரெத்யாகோவ் காட்சிக்கூடத்தினர் எக்ஸ்ரே கதிர்களால் ஆராய்ந்தபோது, அந்தக் கறுப்புக்கு அடியில் வேறு வண்ணப் படங்கள் மறைந்திருப்பது தெரிந்தது. நம் நாட்டின் வி.எஸ். கைதோண்டே ஆண்டுக்கு ஐந்தாறு படங்கள்தான் முடித்தார் என்பார்கள். உருளையாலும் கத்தியாலும் நிறத்தைப் பூசி, சுரண்டி, மறுபடி பூசி, பொறுமையாக வேலை செய்தவர்.

நம் வீட்டு வாசல் கோலமும் அரூப ஓவியம்தானா?

முழுக்க அப்படிச் சொல்லிவிட எனக்கு விருப்பமில்லை. கோலத்துக்குத் தனி மரபு, தனி விதி, தனி நேரம் இருக்கிறது. ஒரு ஓவியர் தன் பெயரைப் போட்டு மாட்டும் படத்தோடு அதை ஒன்றாக்கினால் இரண்டுக்கும் நியாயம் செய்ததாகாது.

ஆனால் சிக்குக்கோலம் போடுகிறவருக்கு, எதையும் ‘காட்டாத’ கோட்டின் அழகு ஏற்கெனவே தெரியும். புள்ளியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகும் கம்பி, எங்கும் விட்டுப்போகாமல் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். அது என்ன பொருள் என்று யாரும் கேட்பதில்லை, சரியாக வந்திருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். இதன் கணக்கு எவ்வளவு ஆழமானது என்றால், சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோன்மணியும் அவரோடு வேலை செய்தவர்களும் 1970-களில் கோலத்தை வைத்துக் கணினி அறிவியலில் ஆய்வுக் கட்டுரைகளே எழுதினார்கள். நஸ்ரீன் மொஹமதி என்ற இந்திய ஓவியர், 1937-இல் கராச்சியில் பிறந்து 1990-இல் மறைந்தவர், மெல்லிய நேர்கோடுகளை மட்டும் வைத்துத் தாளில் வேலை செய்தார். அவருடைய கோடுகளின் முன் நிறுத்தினால், நாற்பது வருடம் கோலம் போட்ட ஓர் அம்மாவுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்காது என்று நம்புகிறேன்.

தமிழ்நாட்டில் இப்படி வரைந்தவர்கள் யார் யார்?

கே.சி.எஸ். பணிக்கரிடமிருந்து தொடங்கலாம். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1963 வாக்கில் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற படவரிசையைத் தொடங்கினார். எழுத்து மாதிரி இருக்கும் ஆனால் படிக்க முடியாது, கட்டங்கள் இருக்கும், ஜாதகத்தையும் கணிதப் பலகையையும் நினைவூட்டும் குறிகள் இருக்கும். ஐரோப்பாவைப் பார்த்து எழுதாமல் நம் ஊர் ஓலைச்சுவடியிலிருந்தும் ஜாதகக் கட்டத்திலிருந்தும் ஒரு நவீன ஓவியம் வர முடியும் என்று அவர் காட்டியது இங்கே பல பேருக்குத் தைரியம் கொடுத்தது.

1966-இல் அவரும் மாணவர்களும் சேர்ந்து சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். பாத்திக் துணி முதலான கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் சோழமண்டலம். நம் நாட்டுப் பெயர் கடற்கரையோரம் ஓர் ஓவியக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்ததில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு.

அந்தத் தலைமுறையில் வி. விஸ்வநாதன் கேரளத்தில் பிறந்து, சென்னையில் படித்து, 1968-இல் பாரீஸ் போனவர். முக்கோணம், சதுரம், வட்டம் என்று அடிப்படை வடிவங்களில் தங்கிவிட்டவர். அச்சுதன் கூடலூர் சிவில் இன்ஜினியர். வேலையோடு வேலையாக ஓவியம் கற்றுக்கொண்டு, பின்னர் உருவத்தை முழுக்க விட்டுவிட்டு நிறத்துக்குள் போனவர். 2022-இல் சென்னையில் காலமானார். அவருடைய சிவப்பு தனி அழகு.

நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்றால் கே.எம். ஆதிமூலம். 1938-இல் திருச்சி மாவட்டம் துறையூர் பக்கம் கீராம்பூரில் பிறந்தார். காந்தி நூற்றாண்டையொட்டி 1969-இல் அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களும், ராஜாக்களின் வரிசையும் புகழ்பெற்றவை. தமிழ்ச் சிற்றிதழ் வாசித்தவர்கள் அவர் கோட்டைப் பார்த்தவுடன் கண்டுகொள்வார்கள். இவ்வளவு வலுவான கோட்டுக்காரர், பிற்காலத்தில் கோட்டையே விட்டுவிட்டு, எண்ணெய் வண்ணத்தைக் கெட்டியாகப் பரப்பி அரூபமான நிறவெளிகளைச் செய்தார். கையில் இருந்த திறமையில் தங்கிவிடாமல் அடுத்ததற்குப் போன அந்தத் துணிச்சலுக்காகவே அவரை நான் மதிக்கிறேன். வரையத் தெரியாதவர்கள்தான் அரூபம் போடுகிறார்கள் என்று சொல்பவர்கள் முதலில் ஆதிமூலத்தின் காந்தியைப் பார்த்துவிட்டு, அப்புறம் அவருடைய நிறங்களைப் பார்க்க வேண்டும். 2008 ஜனவரியில் மறைந்தார்.

டெல்டாவிலிருந்து?

கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. சென்னைக்கு அடுத்தபடியாக இந்த மாநிலத்துக்கு ஓவியர்களைத் தந்த இடம் அதுதான். உப்பிலியப்பன் கோயில் ஊரிலிருந்து வந்த வீர. சந்தனம் அந்த மண்ணின் ஓவியர். தஞ்சையிலுள்ள முள்ளிவாய்க்கால் முற்றத்தின் உருவாக்கத்தில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் உருவத்தை விட்டவர் அல்ல. டெல்டாவின் கை பொதுவாகவே உருவத்தில் ஊறிய கை. சுவாமிமலை ஐம்பொன் சிலையும், கண்ணாடிக் கல் பதித்த தஞ்சாவூர் ஓவியமும், பெரிய கோயில் சுற்றுப்பாதையில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியிலிருந்து வெளிவந்த சோழர் ஓவியமும் எல்லாமே உருவம். இப்படிப்பட்ட ஊரில் அரூபம் செய்ய உட்காரும் ஓர் இளைஞர் எவ்வளவு தனியாக இருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். கண்காட்சிக்குப் போய் அவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

போனிலேயே எல்லாப் படமும் கிடைக்கிறதே, நேரில் போக வேண்டுமா?

போக வேண்டும். உருவப் படமென்றால், போனில் பார்த்தாலும் யார் நிற்கிறார், என்ன செய்கிறார் என்ற செய்தியாவது வந்து சேரும். அரூபத்தில் செய்தி என்று தனியாக ஒன்று கிடையாது. படத்தின் அளவு, நிறத்தின் அடர்த்தி, பூச்சின் மேடு, அதன் முன் நிற்கும் உங்கள் உயரம், இவைதான் ஓவியமே. ஆறடிப் படத்தை உள்ளங்கை அளவாக்கினால் இவை அத்தனையும் போய்விடும். திரையின் வெளிச்சம் நிறத்தையும் மாற்றிவிடும். “எனக்கு இது புரியவில்லை” என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அச்சிலோ திரையிலோ மட்டும் பார்த்தவர்கள். அவர்கள் இன்னும் அந்தப் படத்தைப் பார்க்கவேயில்லை என்பதுதான் நிலைமை. டெல்டா நகரங்களுக்கு நல்ல கண்காட்சிகள் வர வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான்.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

கும்பகோணம் கல்லூரியில் மாணவர் கண்காட்சி நடக்கும்போது தவறவிடாதீர்கள். தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது, அங்கே என்ன நடக்கிறது என்று விசாரித்துவையுங்கள். சென்னை போனால் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமி மண்டல மையம், எழும்பூர் அருங்காட்சியகம், சோழமண்டலம். சோழமண்டலத்தில் ‘சென்னைப் பள்ளி’ எனப்படும் ஓவிய இயக்கத்தைச் சேர்ந்தவர்களின் நிரந்தரக் காட்சிக்கூடம் உண்டு, பணிக்கரையும் அவருடைய சகாக்களையும் ஒரே இடத்தில் பார்க்க அதைவிட வசதி இல்லை. பெங்களூரில் தேசிய நவீன ஓவியக்கூடம். கொச்சியில் 2012 முதல் நடந்துவரும் பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி, அரூபத்துக்கு மட்டுமானதல்ல என்றாலும், ஒருமுறையாவது போய்வர வேண்டிய இடம்.

எங்கள் ஊரில் ஒரு கண்காட்சி நடத்த ஆசை. கூடமே இல்லையே?

கல்யாண மண்டபம் இருக்கிறதே. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் காலியாகக் கிடக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். என்னைக் கேட்டால் ஆடி. மழை குறைவு, காற்றுதான் அதிகம், சட்டங்களை இறுக்கிக் கட்டிவிட்டால் போதும். ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். அடைமழைக் காலத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சகஜம், கான்வாஸ் தொய்ந்துவிடும்.

மண்டபச் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். விட்டாலும் அந்த ரோஸ், பச்சைச் சுவரில் அரூப ஓவியத்தை மாட்டக் கூடாது, சுவர் படத்தைத் தின்றுவிடும். பந்தல்காரரிடம் சொல்லி எட்டடி உயரத்துக்கு இரும்புக் குழாயிலோ சவுக்குக் கட்டையிலோ சட்டம் கட்டச் சொல்லுங்கள். அதன்மேல் வெள்ளைக் காடாத் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும். பந்தலில் போடும் மடிப்பு வைத்த பளபளப்புத் துணி கூடாது என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். பெரியவர்கள் கண்ணுக்கு நேராக வரும், பிள்ளைகளுக்கும் எட்டாமல் போகாது. இரண்டு படத்துக்கு நடுவில் தாராளமாக இடம் விடுங்கள். ஐம்பது படத்தை நெருக்கி மாட்டுவதைவிட இருபதைக் காற்றோட்டமாக மாட்டுவது மேல். எதிரே பத்தடியாவது பின்வாங்கி நிற்க இடம் வேண்டும்.

மண்டபத்தின் சீரியல் விளக்கு, கலர் விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். எல்.இ.டி. வாங்கும்போது சி.ஆர்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள், நிறத்தை உள்ளபடி காட்டும் திறனை அது சொல்லும். 90-க்கு மேல் இருக்க வேண்டும். விளக்கு மேலிருந்து சாய்வாக விழட்டும். நேர் எதிரே வைத்தால் எண்ணெய் வண்ணம் பளிச்சென்று கண்ணை அடிக்கும்.

பெரிய கான்வாஸைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டிக் கொண்டுவரலாம். வண்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்கும்படி, அகலமான குழாயில் சுருட்டுங்கள், உள்பக்கமாகச் சுருட்டினால் பூச்சு நசுங்கி வெடிக்கும். கெட்டியாகப் பூசிய எண்ணெய் ஓவியத்தைச் சுருட்டவே கூடாது.

படத்தின் பக்கத்தில் பெயர், ஆண்டு, எதில் வரைந்தது, அளவு, விற்பனைக்கென்றால் விலை, இவ்வளவு எழுதினால் போதும். விளக்கவுரை ஒட்டாதீர்கள், மக்கள் அதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். திறப்பு விழாவைக் கால் மணி நேரத்தில் முடியுங்கள். பொன்னாடையும் வாழ்த்துரையுமாக இரண்டு மணி நேரம் போனால் வந்தவர்கள் அத்தனை பேரும் படத்துக்கு முதுகைக் காட்டி மேடையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். மாலை 5 மணியிலிருந்து 9 வரை திறந்திருந்தால் வேலைக்குப் போகிறவர்கள் வர முடியும். பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பகலில் அழைத்துவாருங்கள். ஓவியர் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அது மிக முக்கியம்.

பல படங்களுக்குத் தலைப்பே இல்லையே?

‘தலைப்பற்றது’ என்பதே ஓவியரின் முடிவுதான். உங்களை ஒரு பக்கம் தள்ளிவிடாமல் இருப்பதற்காக.

விலை ஏன் இப்படி? கோடிக்கணக்கில் போகிறது என்கிறார்களே?

2023-இல் எஸ்.எச். ரஸாவின் ஓர் ஓவியம் இந்தியாவில் 51.75 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. 2015-இல் கைதோண்டேயின் படம் ஒன்று 29 கோடியைத் தாண்டியது. இவை மறுவிற்பனை ஏலங்கள். கைதோண்டே 2001-லேயே இறந்துவிட்டார். செய்தியில் வரும் இந்த எண்களை வைத்து நம் பக்கத்து ஓவியரை எடைபோட வேண்டாம். வளர்ந்துவரும் ஓவியர்கள் பெரும்பாலும் அளவை வைத்து, சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்வார்கள். மாணவர்களின் சிறிய படங்கள் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கும். பேரம் பேசாதீர்கள். கையில் பணம் குறைவென்றால் சிறிய படமாகக் கேளுங்கள், தாளில் செய்த வேலையைக் கேளுங்கள்.

வாங்கிய படத்தை நான் காலண்டரில் அச்சிடலாமா?

ஓவியரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கூடாது. படம் உங்களுடையது, பதிப்புரிமை அவருடையது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியரின் ஆயுள் முழுதும், அதற்குப்பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆகும் மூல ஓவியத்தில் ஓவியருக்கோ வாரிசுகளுக்கோ பங்கு உண்டு என்றும் அதே சட்டத்தின் 53ஏ பிரிவு சொல்கிறது. அந்தப் பங்குக்கு உச்சவரம்பு 10 சதவீதம். இது பல ஓவியர்களுக்கே தெரியாது.

நம் ஊர் ஈரத்தில் படத்தை எப்படிப் பாதுகாப்பது?

ஆற்றோர வீடுகளில் வெளிச்சுவர் மழைக்காலத்தில் ஊறும். அந்தச் சுவரில் மாட்டாதீர்கள், உள்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் சிறு கட்டை ஒட்டினால் சுவருக்கும் கான்வாஸுக்கும் நடுவில் காற்று ஓடும். எடுத்துவைக்க வேண்டுமென்றால் பருத்தித் துணியில் மூடுங்கள். பிளாஸ்டிக்கில் கட்டினால் உள்ளே ஈரம் அடைத்துக்கொண்டு பூஞ்சை பிடிக்கும். தூசியை உலர்ந்த மென்மையான தூரிகையால் தட்டினால் போதும், ஈரத்துணி படவே கூடாது. நேர் வெயிலும், சாமி விளக்கின் புகையும் ஆகாது. பூஞ்சை வந்துவிட்டால் நீங்களே துடைக்க முயலாமல், வரைந்தவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பிளஸ் டூ முடித்த மகள் இதைப் படிக்க வேண்டும் என்கிறாள்.

சேருங்கள். கும்பகோணத்திலேயே நான்கு வருட பி.எஃப்.ஏ. என்ற கவின் கலை இளங்கலைப் படிப்பு இருக்கிறது. உருவம் வரையும் பயிற்சி கட்டாயம் இருக்கும், அதைக் குறுக்கே நிற்கும் தடையாக அவள் நினைக்க வேண்டாம். வேலை வாய்ப்பு என்று கேட்டால் பள்ளி ஓவிய ஆசிரியர், வடிவமைப்பு, அனிமேஷன், துணி வடிவமைப்பு என்று வழிகள் உண்டு. ஓவியத்தை மட்டும் விற்று வாழ்வது கடினம், அதையும் சேர்த்தே அவளிடம் சொல்லுங்கள்.

கண்காட்சியில் போட்டோ எடுக்கலாமா?

ஓவியரைக் கேட்டுவிட்டு எடுங்கள். பிளாஷ் வேண்டாம். பகிரும்போது ஓவியரின் பெயரைப் போடுங்கள், கூடவே இடத்தையும் கடைசித் தேதியையும் எழுதுங்கள், பார்ப்பவர்கள் கிளம்பி வரட்டும்.